இப்ப அவற்ற கதையைச் சொல்லும்

அவருடைய பெயரை எழுதாமல் விடுவது மரியாதைக்காக அல்ல. எந்தப் பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று. வவுனியாவில் அவர் அப்புக்காத்தாக வழக்குப் பேசிய காலத்தில் அது ஒரு பலகையில் தொங்கியது. இயக்கம் வைத்த பெயர் இன்னொன்று. அது காட்டிலும் பங்கரிலும் புழங்கியது. யுத்தம் முடிந்து தடுப்பு முகாமில் இருந்தபோது பெயரே தேவைப்படவில்லை, ஓர் இலக்கம் போதுமாக இருந்தது. கிளிநொச்சிச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்கிற மனுசி அவரைக் ‘கண்ணாடிக்காரர்’ என்பாள். சட்டத்தரணி, போராளி, நீதிபதி என்று மூன்று உத்தியோகம் பார்த்த மனிதருக்குக் கடைசியில் நிலைத்தது மூக்குக்கண்ணாடி. அதுவும் ஒரு பக்கத்துக் கால் உடைந்து நூலால் கட்டியது.

நான் அவரை முதலில் கண்டது ஒரு மாட்டின் காரணமாக.

இயக்கம் ஆண்ட அந்த நாட்களில் கிளிநொச்சியில் எங்களுக்கு வாய்த்தது இயக்கத்தின் நீதிமன்றம். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கத்தரி நட்டுக்கொண்டிருந்தேன். படித்த மனிதன் தோட்டம் செய்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. கன்றுகளைவிட, கன்றுகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை செழிப்பாக வந்தது. அந்தக் கன்றுகளையும் பக்கத்து வளவுக்காரரின் பசு ஒரு பின்னேரத்தில் தின்று முடித்தது. கட்டுரையைத் தின்றிருந்தால் மன்னித்திருப்பேன். வழக்குப் போட்டேன்.

நீதிமன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, அரைச்சுவர், சனம் இருக்க நீட்டு வாங்குகள். இப்போது அந்த இடத்தில் தவணைக்கு வாகனம் கொடுக்கிற ஒரு கொம்பனி இருக்கிறது. தவணை கட்டாதவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வெயில் காய்கின்றன. அன்று அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சேட்டோடு அவர் இருந்தார். கழுத்தில் செல் வெடித்த துண்டு வாங்கியவர் என்பதால் தலையை மட்டும் திருப்ப அவரால் முடியாது. ஓர் ஆளைப் பார்க்க வேண்டுமானால் கதிரையோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்புவார். அப்படித் திரும்பி ஒருவர் நம்மைப் பார்த்தால், நமது கத்தரித் தோட்டம் ஏதோ பெரிய விஷயம் என்ற எண்ணம் நமக்கே வந்துவிடும்.

என் நியாயத்தை நான் வெகு அழகாக எடுத்துரைத்தேன். இரண்டு இடத்தில் உவமைகூட இருந்தது. அவர் கேட்டு முடித்தார்.

“நல்லது மாஸ்ரர், உம்மட கதை விளங்குது. இப்ப அவற்ற கதையைச் சொல்லும்.”

“ஆற்ற கதையை ஐயா?”

“மாட்டுக்காரற்ற கதையை. அவர் உதிலை நிண்டு என்ன சொல்லுவாரோ அதை நீர் சொல்லும். அவர் ‘ஓம், உதுதான்’ எண்டு சொல்லுமட்டும் சொல்லும். பேந்து அவர் உம்மட கதையைச் சொல்லுவார். அதுக்குப் பிறகுதான் நான் வாய் திறப்பன்.”

அதுதான் அவருடைய முறை. கொலை வழக்கானாலும் கோழி வழக்கானாலும் அதேதான். எதிராளியின் கதையை எதிராளி ஒப்புக்கொள்ளும்படி சொல்லத் தெரியாதவனுக்கு அவர் நீதிமன்றத்தில் தீர்ப்பே கிடையாது. தெரிந்துகொண்டு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த இரண்டாவது கதை தொடங்கும்போது பேனையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். சொல்லி முடியும்வரை அப்படியே நிற்பார்.

நான் சொன்னேன். தொடங்கும்போது கசந்தது. பிறகு எழுத்தாளன் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அந்தப் பசுவோடு மாட்டுக்காரர் இடம்பெயர்ந்து அலைந்ததை, கயிறு நைந்துபோயிருந்ததை, எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் என் பங்கு வேலி ஓட்டையாகவே கிடந்ததை, அதை அடைக்க வேண்டிய நேரத்தில் நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்ததை எல்லாம் சொன்னேன். பசுவின் பசியைப் பற்றிக்கூடச் சிறிது சொன்னதாக ஞாபகம். மாட்டுக்காரர் சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

“ஓம் ஐயா, உதுதான். எனக்கே உவ்வளவு வடிவாச் சொல்லத் தெரியாது.”

பிறகு அவருடைய முறை. அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். “மாஸ்ரர் பாவம் ஐயா. அவருக்குத் தோட்டம் சரிவராது, ஆனா சரியான ஆசை.” வாங்குகளில் இருந்த அவ்வளவு பேரும் சிரித்தார்கள். முறைப்படி நான் ‘ஓம், உதுதான்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

நட்டஈடு கேட்டுப் போனவன் நான். இரண்டு பேரும் சேர்ந்து வேலியை அடைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வழக்கில் தோற்றவன்போலும் இல்லை, வென்றவன்போலும் இல்லை, புகழ்ந்து அனுப்பப்பட்டவன்போல இருந்தது எனக்கு. ஏனென்றால் எல்லோரும் கேட்க நீதிபதி இப்படிச் சொன்னார்: “மற்றவன்ர கதையை இப்பிடிச் சொல்லத் தெரிஞ்சா அரைவாசி வழக்கு முடிஞ்சுது. கேட்டுக்கொண்டிருக்கிற மற்றாக்களும் பழகுங்கோ.”

கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களில் முரசுமோட்டையில் இருந்து வந்த ஓர் அக்காவும் இருந்தார். அவருடைய வழக்கு எங்களுக்கு அடுத்தது. அதற்கு வருகிறேன், வராமல் இருக்க முடியுமானால் வராமலே இருந்துவிடுவேன்.

அந்த மாட்டின் புண்ணியத்தில் நான் அவருக்குச் சிநேகிதன் ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போவேன். தேத்தண்ணி ஊற்றுவார். சீனி போடாமல் ஊற்றிவிட்டு, சீனி ஏன் இல்லை என்று சங்கக்கடை மனேச்சரின் பக்கத்து நியாயத்தை விளக்குவார். சந்தைக்கு அவரோடு போவது வீண் வேலை. பூசணிக்காய்க்கு நான் விலை குறைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, குறைக்க முடியாததற்கான காரணங்களைக் கடைக்காரர் சொல்லுமுன்னரே இவர் சொல்லி முடித்துவிடுவார். மழை, லொறிக் கூலி, கடைக்காரரின் மூத்த மகளின் பிரசவம். கடைக்காரரே வியந்துபோய், “ஐயா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்பார்.

வவுனியாவில் அவர் வாதாடிய முதல் வழக்கைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார். காட்டில் மரம் தறித்தவன் ஒருவனுக்காக ஆஜரானார். வனத்துறை உத்தியோகத்தரைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர், அந்த உத்தியோகத்தர் தனியாகச் சைக்கிளில் காடு சுற்றுவதையும், யானைக்குப் பயந்து மரத்தில் ஏறி இருந்ததையும், மேலதிகாரி அவரை நம்பாததையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வெளியே எடுத்துவிட்டார். நீதவான் உருகிப்போனார். கட்சிக்காரன் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தான்.

“ஐயா, நீங்கள் ஆருக்கு வந்தனீங்கள்?”

நாட்டில் கலவரங்கள் வந்து, அவருடைய கட்சிக்காரர்கள் விசாரணை இல்லாமலே உள்ளே போகத் தொடங்கிய பிறகு, வாதாடுவதற்கு எதிரே ஆளில்லாமல் போயிற்று. பலகையைக் கழற்றிவிட்டு ஓமந்தைக்கு வடக்கே, இயக்கத்தின் பகுதிக்கு வந்து அதில் சேர்ந்தார். சண்டை பிடித்தாரா என்றால் பிடித்தார். கழுத்துக் காயம் சும்மா வந்ததல்ல. ஆனால் முன்னணிக் காவலரணிலும் புத்தி மாறவில்லை. பின்னேரங்களில் பெடியன்களைச் சுற்றி இருத்தி, எதிர்ப்பக்க மண் அணைக்குப் பின்னால் இருக்கிற ஆமிக்காரனின் கதையைச் சொல்லச் சொல்வாராம். எந்த ஊர், வீட்டில் யார், வயல் விளைந்ததா, கடிதம் வந்ததா. பெடியன்களுக்கு அது விளையாட்டாகப் பிடித்துவிட்டது. ஒருநாள் காலை ஒருவன் துவக்கோடு நின்றபடி, “அண்ணை, அங்காலை இருக்கிறவனுக்கு இண்டைக்கு லீவு கிடைச்சிருக்குமோ?” என்று கேட்டிருக்கிறான். இது மேலே போயிற்று. சண்டைக்கு உதவாத மனிதர் என்று கண்டு அவரை நீதிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

இதை அவர் சொல்லும்போது நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அப்போது எனக்குச் சிரிக்க முடிந்தது.

இனி முரசுமோட்டை அக்கா.

வயல் செய்கிற மனுசி. புருசனைப் பாம்பு கடித்துப் பறிகொடுத்தவர். இரண்டு பெடியன்கள். மூத்தவன் தானாக இயக்கத்துக்குப் போய், படமாகச் சுவருக்கு வந்தான். இளையவன் என்னிடம் படித்தவன். கட்டுரை எழுதச் சொன்னால் உழவு மெசினின் படம் கீறித் தருகிறவன். வீட்டுக்கு ஓராள் என்று இயக்கம் விதி வைத்திருந்த காலம் அது. அந்த வீட்டில் இருந்து ஓராள் போயாயிற்று, வந்தும் ஆயிற்று. பிறகும் இளையவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கா இயக்கத்தின் நீதிமன்றத்தில் இயக்கத்துக்கு எதிராக விண்ணப்பம் கொடுத்தார். யாரும் கேள்விப்படாத காரியம். அதைக் கேட்பதற்கு நீதிபதி ஒப்புக்கொண்டது இன்னும் பெரிய காரியம் என்று அன்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களுடைய அளவுகோல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

என் வழக்கு முடிந்த கையோடு அந்த வழக்கு. நான் போகாமல் பின்வரிசை வாங்கில் இருந்தேன்.

எதிராளியாக ஆட்சேர்ப்புப் பொறுப்பாளர் வந்திருந்தார். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நாட்டு நிலைமை என்று இரண்டு வசனம் சொன்னார். அக்கா தன்னுடைய கதையைச் சொன்னார். அது நீளமில்லை, ஒன்று கொடுத்தேன், மற்றதைத் தாருங்கோ என்பதுதான். கதிரை அக்காவின் பக்கம் திரும்பியது.

“இப்ப அவற்ற கதையைச் சொல்லுங்கோ அம்மா.”

அவர் எழுந்து நின்று கண்ணை மூடினார். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

“இந்தத் தம்பி என்ன செய்யும் ஐயா? முன்னுக்கு லைனிலை ஆள் காணாது. லைன் உடைஞ்சா நானுமில்லை, என்ர வயலுமில்லை. மேலை இருக்கிறவை ஆள் கொண்டா எண்டு நிக்கினம். இவர் வீடு வீடாப் போறார். போற இடமெல்லாம் மண்ணள்ளித் திட்டுகினம். நானும் திட்டினனான். இவருக்கும் எங்கையோ ஒரு தாய் இருப்பா, சோத்தைப் போட்டு மூடி வைச்சுக்கொண்டு. வீட்டுக்கு ஒராள் எண்டு சொன்னவைதான், இல்லையெண்டில்லை. ஆனா அது சொல்லேக்கை லைன் இவ்வளவு நீளமில்லை. ஒராள் போதுமெண்டு அப்ப நினைச்சினம். இப்ப காணாமப் போட்டுது. அவை என்ன செய்யிறது?”

அந்தப் பெடியன் ஃபைலைப் பார்த்தபடி, “ஓம்… உதுதான்” என்றான்.

முறைப்படி இனி கதிரை அவனுடைய பக்கம் திரும்ப வேண்டும். இப்ப அம்மாவின்ர கதையை நீர் சொல்லும் என்று கேட்க வேண்டும். எல்லோரும் அதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அவர் கண்ணைத் திறந்தார். கதிரையில் இருந்தார். பேனையை எடுத்தார். கதிரை திரும்பவில்லை.

“அம்மாவே நிலைமையை நல்லா விளங்கிக்கொண்டிருக்கிறா. இந்த விண்ணப்பத்தை மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை எண்டு மன்று கருதுது.”

அக்கா அப்படியே நின்றார். தீர்ப்பு வந்தது அவருக்கு விளங்கவில்லை.

“இனி அந்தத் தம்பி சொல்லேல்லையோ ஐயா?” என்று கேட்டார்.

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

யுத்தத்தின் கடைசி நாட்களில், கடற்கரைப் பக்கம், இளையவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் தடுப்பில் இருந்து திரும்பி வந்து, கிளிநொச்சியில் ஓர் ஒழுங்கைக்குள் தனியாக இருந்தார். அரிசி மில் ஒன்றில் கணக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணி மறுபடி தொடங்கியது. அவரை விசாரித்த அதிகாரியைப் பற்றிக் கேட்டேன். “அவற்ற பக்கத்திலை பாத்தா அந்தாளும் பாவம் மாஸ்ரர், ராவும் பகலும் நித்திரை இல்லை” என்றார். இயக்கத்தின் தலைமையைப் பற்றிக் கேட்டேன். அவர்களுடைய பக்கத்தைச் சொன்னார். கைவிட்ட உலகத்தைப் பற்றிக் கேட்டேன்; உலகத்தின் பக்கத்தையும் வைத்திருந்தார். முந்தி இதையெல்லாம் ஒரு முனிவரின் குணம் என்று நினைத்துக் கட்டுரைகூட எழுதியவன் நான். பிறகு பிறகு தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பத் தொடங்கினேன். எல்லாப் பக்கத்திலும் நிற்கிற மனிதரை, நிற்க வேண்டிய நாளில் எந்தப் பக்கத்திலும் காண முடிவதில்லை. முரசுமோட்டை வழக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நல்ல சிநேகிதர்கள் இப்படித்தான் பல வருசம் தாக்குப்பிடிக்கிறார்கள்.

சென்ற சிறுபோக அறுவடை நேரம், அக்கா என் வீட்டுக்கு வந்தார். மயிர் முழுக்க நரைத்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“மாஸ்ரர், கண்ணாடிக்காரர் இந்தியாவுக்குப் போறாராம்?”

“ஓம் அக்கா. திருச்சியிலை மகள் இருக்கிறா. வாற கிழமை பயணம். இனித் திரும்ப மாட்டார் போல.”

“அவரிட்டை எனக்கு ஒரு சொல்லு வேணும். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“என்ன சொல்லு?”

“பிழை எண்டு. ‘நான் அண்டைக்குக் குடுத்த தீர்ப்புப் பிழை’ எண்டு. அவ்வளவுதான். வேறை ஒண்டும் வேண்டாம்.”

நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி மறித்தார்.

“உங்களுக்குத் தெரியாது மாஸ்ரர். அண்டைக்கு நீங்களும் மாட்டுக்காரரும் சொன்னதை நான் வாங்கிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். மற்றவன்ர கதையை வடிவாச் சொன்னா இந்த மனிசன்ர மனம் இளகுது எண்டு கண்டன். அதாலை நானும் கூட்டிச் சொன்னன். மனசிலை இல்லாததையும் சொன்னன். அந்தப் பெடியன்ர தாய், சோறு, லைன் நீளம்… உதெல்லாம் ஆர் என்னைச் சொல்லச் சொன்னது? என்ர பிள்ளையை நானே என்ர வாயாலை குடுத்துப்போட்டு வந்த மாதிரிக் கிடக்கு. இவ்வளவு வருசமாக் கிடக்கு. அந்தாள் தன்ர பிழை எண்டு சொன்னா, என்ர பிழை இல்லையெண்டு ஆகுமெல்லே?”

நான் நகைச்சுவை எழுதுகிறவன் என்று பத்திரிகைக்காரர் சொல்வார்கள். என் மாட்டுக் கதையை எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதன் பிறகு சொல்லவில்லை.

அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “கூட்டிக்கொண்டு வாரும்” என்றார்.

அக்காவை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்தியால் வந்தேன். என் மனைவியின் ஹெல்மெற் அக்காவுக்குப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் சரிந்து வந்து கண்ணை மூடியது. வேறு நாளென்றால் அதையே ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைத் துடைத்து வைத்திருந்தார். பெட்டி கட்டி முடிந்திருந்தது. அக்கா கதிரையின் நுனியில் இருந்து, வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னார்.

“ஐயா, நீங்கள் குடுத்த தீர்ப்புப் பிழை எண்டு உங்கட வாயாலை ஒருக்காச் சொல்லோணும்.”

“அம்மா, அண்டைக்கு ஒரு வேலை அரைவாசியிலை நிண்டுபோச்சு” என்றார் அவர். “அந்தப் பெடியன் சொல்லவேண்டிய கதை. அதை நான் இப்ப சொல்லுறன். பிழையெண்டா மறியுங்கோ.”

எழுந்து நின்றார். கண்ணை மூடினார்.

நான் எத்தனையோ பேர் பேசக் கேட்டவன். அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. மூத்தவனின் செய்தி வந்த அன்று அக்கா அடுப்பில் வைத்த உலையை இறக்க மறந்ததில் இருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு ரோட்டில் வாகனச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் இளையவனை நெல் மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்ததை, அவன் தும்மாமல் இருக்க மூக்கைப் பொத்திப் பழக்கியதை, தூசியால் உடம்பெல்லாம் கடிக்கிறது என்று அவன் அழுததை, ஒருநாள் மட்டும் ஆசை தீரக் கிணற்றில் குளிக்கிறேன் என்று கெஞ்சியதைச் சொன்னார்.

“தண்ணி அள்ளிக் குடுத்தது நீங்கள்தான். தலையிலை சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தவன். வாகனம் வந்து நிண்டுட்டுது. கழுவிப்போட்டு வாறன் எண்டு கேட்டவன். விடேல்லை. சவர்க்காரத் தலையோடை ஏத்தினவை. நீங்கள் வாளியோடை பின்னாலை ஓடினனீங்கள்… விதியும் உங்கட பக்கம் அம்மா. வீட்டுக்கு ஒராள். நீங்கள் குடுத்தாச்சு. அதுக்கு மேலை கேட்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை.”

கண்ணைத் திறந்தார். அக்காவின் கன்னம் எல்லாம் நனைந்திருந்தது. எனக்கும் அப்படித்தான்.

“ஓம்” என்றார் அக்கா. “உதுதான்.”

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நினைத்தேன். புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு உள்ள நோய் இது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“உந்தச் சவர்க்காரக் கதை உங்களுக்கு ஆர் சொன்னது ஐயா?”

“உங்கட விண்ணப்பத்திலை இருந்தது அம்மா.”

“அதை எப்ப வாசிச்சனீங்கள்?”

“வழக்குக்கு முதல்நாள்.”

“வாசிக்கேக்கை விளங்கினதோ?”

“விளங்கினது.”

“அப்ப, நான் வாய் திறக்க முதலே உங்களுக்கு எல்லாம் தெரியும்.”

“ஓம் அம்மா.”

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பிழை’ என்ற அந்தச் சொல் அவருடைய வாய்க்கு வெகு கிட்டே வந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. அவர் முழு உடம்போடு அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“இவ்வளவு காலமும் எல்லாற்ற கதையையும் நான் சொல்லியிருக்கிறன் அம்மா. என்ர கதையை ஒருத்தரும் சொன்னதில்லை. அண்டைக்கு அந்தக் கதிரையிலை இருந்தவன்ர கதையை நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னியள் எண்டா, பேந்து நீங்கள் கேட்ட சொல்லை நான் சொல்லுவன்.”

அக்கா ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“மாட்டன் ஐயா. மற்றவன்ர கதையை நான் ஒருக்காச் சொன்னது காணும்.”

தேத்தண்ணி குடிக்கவில்லை. முரசுமோட்டையில் தன் படலையடியில் இறங்கி ஹெல்மெற்றைக் கழற்றித் தந்தபோதுதான் சொன்னார்: “அப்ப நான் கூட்டிச் சொன்னதாலை இல்லை மாஸ்ரர். நான் என்னத்தைச் சொல்லியிருந்தாலும் உதுதான் நடந்திருக்கும்.” அதை ஆறுதலாகச் சொன்னாரா, அதற்கு எதிர்மாறாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த கிழமை அவரைக் கிளிநொச்சி ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய் விட்டேன். கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம். மேடையில் எங்களைத் தவிர ஒரு குடும்பமும், வாங்கின் கீழ் படுத்திருந்த ஒரு நாயும். பெட்டியைக் காலடியில் வைத்தார்.

“அவா சொல்லேல்லை” என்றார்.

“ஓம்.”

“நீர் சொல்லும்.”

எனக்குத் தெரியும். அவருடைய கதை எனக்குப் பாடம். அக்காவின் இளையவனை விட்டிருந்தால் அன்று பின்னேரமே அவரைக் கதிரையில் இருந்து எழுப்பியிருப்பார்கள். அதில் வந்து இருக்கிறவன் கோழி வழக்கைக்கூட ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டான். வாங்குகளில் காத்திருந்த மற்ற எல்லோருடைய வழக்கும் அதோடு போயிருக்கும். அவருக்கும் அப்போது வீட்டில் ஒரு மகள் இருந்தாள், அவளுக்கும் வயது வந்திருந்தது, அவர் அந்தக் கதிரையில் இருந்தவரை அவளை இயக்கத்துக்குக் கேட்டு ஒருவரும் வரவில்லை. இதையெல்லாம் அவர் ‘ஓம், உதுதான்’ என்று சொல்லும்படி என்னால் சொல்லியிருக்க முடியும். எனக்கு வேறு எந்தத் திறமையும் இல்லாவிட்டாலும் அது இருக்கிறது.

அவர் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெயின் வருது ஐயா” என்றேன்.

கண்ணைத் திறந்து, முழு உடம்போடும் திரும்பி, தண்டவாளத்தைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வர இன்னும் நேரமிருந்தது.